வீட்டுக்கு ஒரு வோட்டு

நவம்பர் 3, 2019, ஞாயிறு

மழை. லீவு. யூனிஃபார்ம் எல்லாத்தையும் துவைச்சு ரேடியேட்டர் மேல போட்டேன். ஆகஸ்டுல அம்மா தவறிப்போனதுக்கு அப்புறம் இந்த டைரியைத் தொடல. இன்னைக்கும் எழுத ஒண்ணும் இல்லதான். கை சும்மா இருக்கேன்னு எழுதுதேன்.

ராத்திரிச் சாப்பாட்டுல ஒரு கூத்து. இந்த வீட்டுக்காரங்க யாழ்ப்பாணத்துக்காரங்க. சிவநேசன் அண்ணன், வதனி அக்கா, பதினேழு வயசு அபிரா. அகதியாப் போயி ஹாலந்துல இருந்து, ஹாலந்து பாஸ்போர்ட் வாங்கி, பிள்ளை இங்கிலீஷ்ல படிக்கட்டும்னு ஏழு வருஷம் முன்னால இங்கிலாந்துக்குக் குடிவந்தவங்க. நான் மாடி ரூம் வாடகைக்காரி. தக்கலைக்காரி. இந்த ஊரு பெரியாஸ்பத்திரியில எலும்பு வார்டு நர்ஸ். ஜூன்ல வந்தேன்.

அபிரா சோத்தைப் பிசைஞ்சுகிட்டே சொன்னா, "டிசம்பர் பன்னிரண்டு எலெக்‌ஷன். அப்பா, உங்களுக்கு வோட் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. நாங்கள் யூரோப் பாஸ்போர்ட், கவுன்சில் எலெக்‌ஷன் மட்டும்தான். பிரீடா அக்காவுக்கு இருக்கு. இந்தியா கொமன்வெல்த்."

அண்ணன் கையை எடுத்துட்டாரு. "ஏழு வருசம் டாக்ஸ் கட்டினவனுக்கு இல்லை, நேற்று வந்த பிள்ளைக்கு வோட்டோ?"

"எனக்கு வேண்டாம் அண்ணே, நீங்களே எடுத்துக்கோங்க"ன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. வதனி அக்கா மட்டும் என்னைய ஒரு மாதிரியாப் பார்த்துகிட்டே இருந்தாங்க, தட்டுல மீன் இருக்குன்னு கூடத் தெரியாம.

நவம்பர் 6, புதன்

அக்கா அன்னைக்கு எதுக்கு அப்படிப் பார்த்தாங்கன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு.

டூட்டி முடிஞ்சு வந்தா புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். புதன்கிழமை இந்த வீட்ல பருப்பும் சோறும்தான் வழக்கம். நான் ரெண்டாவது வாய் வைக்கிறதுக்குள்ள அபிராவோட லேப்டாப் வந்து நின்னுச்சு. பேரு பதியணுமாம். பேரு, பிறந்த தேதி, இன்ஷூரன்ஸ் நம்பர். அக்காவே எல்லாம் அடிச்சாங்க. நான் கறி சாப்பிட்டேன்.

"ஏன் அக்கா இவ்வளவு அவசரம்?"

அபிராவை மேல அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, போனை எடுத்துக் காட்டினாங்க. ஒரு பொம்பளப் பிள்ளை. சுருட்டை முடி, பூனைக் கண்ணு, ஆனா மூக்கு அப்படியே சிவநேசன் அண்ணன்.

"என்ர பேத்தி. லேனா. போன மாசம் ஒரு வயசு. இன்னும் நான் கையால தூக்கேல்லை."

மூத்த மகன் நிரோஜன் ஹாலந்துலயே தங்கிட்டானாம். அங்க ஈவான்னு ஒரு போலந்துக்காரப் பெண்ணோட சேர்ந்து வாழுதான். அண்ணனுக்கு அது பிடிக்கல. மூணு வருஷமாப் பேச்சில்ல, "என்ர வாசல்படி மிதிக்கக் கூடாது"ன்னு சொன்னதோட சரி. அக்காவும் போகக்கூடாதுன்னு சத்தியம் வாங்கி வச்சிருக்காரு.

"இந்த நாடு யூரோப்பை விட்டுப் போற இந்தப் பிரெக்ஸிட் வந்தா அடுத்த வருசக் கடைசியோட கதவு பூட்டு. பேந்து அவையள் இஞ்ச வந்து இருக்கேலாது. ஒரு வருசத்தில மனம் மாறுற ஆளோ பிள்ளை இவர்? எனக்குக் காலம் வேணும். இன்னும் ரெண்டு மூண்டு வருசம் கதவு திறந்து கிடந்தா இவரை நான் எப்பிடியும் சரிக்கட்டுவன். என்னட்ட வோட்டில்லை. உங்களிட்டக் கேக்கிறன். என்ர பிள்ளை வீட்டுக்கு வரவேணும், அவ்வளவுதான்."

கையைப் பிடிச்சுகிட்டாங்க. நான் சரி அக்கான்னேன். கறி நல்லா இருந்துச்சு.

நவம்பர் 9, சனி

நைட் டூட்டி முடிச்சு வெளிய வந்தா சிவநேசன் அண்ணன் கார்ல நிக்காரு. பார்சல் கிடங்குல அவருக்கும் ராத்திரி வேலைதான், ஆனா இதுக்கு முன்னால என்னைக் கூட்டிட்டுப் போனதே இல்ல. பஸ்ஸே போதும்னு ஜூன்லயே சொன்ன மனுஷன்.

சிக்னல்ல நின்னப்ப ஆரம்பிச்சாரு. "பிள்ளை, இப்ப ஆளுற நீலக் கட்சிக்குப் போடுங்கோ, அவையள்தான் பிரெக்ஸிட்டை முடிப்பினம். நாட்டுக்கு ஒரு எல்லை வேணும். வாற போற எல்லாருக்கும் கதவைத் திறந்து விட்டா அது நாடில்லை, சந்தை. கிடங்கில எனக்கு ரெண்டு பக்கமும் போலந்துக்காரர். பதினைஞ்சு நிமிச பிரேக்கை அரை மணித்தியாலம் எடுப்பாங்கள்."

"நீங்களும் ஹாலந்துல இருந்துதானே அண்ணே வந்தீங்க?"

"அது வேற." அப்புறம் ரேடியோவைக் கூட்டி வச்சாரு.

கதவு பூட்டணும்னு அவருக்கு ஆசை, போலந்துக்காரனுக்காக இல்லைன்னு எனக்குத் தெரியும். சட்டமே மகனைத் தடுத்துட்டா அவரு தடுக்க வேண்டியதில்ல பாருங்க. கார்ல தூக்கம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து படுத்தேன், தூங்கல.

நவம்பர் 14, வியாழன்

வார்டுல கெயில் எலெக்‌ஷன் பேச்சை எடுத்தா. உதவியாளரா இருக்கா, இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரி, அறுபது கிட்ட. அவங்க அப்பா சுரங்கத்துல வேலை பார்த்தவராம். வீட்ல எல்லாருக்கும் பரம்பரையா லேபர், சிவப்புக் கட்சி. "எங்க அப்பா உசுரோட இருந்தா என்கூடப் பேசமாட்டாரு, ஆனா இந்தத் தடவை நான் நீலத்துக்குத்தான்"னு சொன்னா. ஏன்னு கேட்டேன். "மூணு வருஷமா இந்தப் பிரெக்ஸிட்டையே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. எப்படியோ முடிஞ்சாப் போதும். உனக்கு அப்படித் தோணாதா?"

எனக்கு ஒண்ணும் தோணலைன்னு சொன்னேன். பாவம், நான் மரியாதைக்குச் சொல்லுதேன்னு நினைச்சுகிட்டா.

மூணாவது கட்டில் கிழவிக்கு எண்பத்தியெட்டு வயசு. ஆபரேஷன் வேண்டாம்னு அவங்களே டாக்டர்கிட்டச் சொல்லிட்டாங்க. டாக்டர் கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாரு. நான் போய் பெட்பேன் கழுவினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

சித்தி ஊர்ல இருந்து போன் பண்ணினா. அம்மாவோட மூணாம் மாச நினைவு ஜெபத்துக்கு ஊரே வந்திருந்துச்சாம், எரிசேரிக் கூட்டு மட்டும் கொஞ்சம் பத்தாமப் போச்சாம். அப்புறம் சுத்தி வளைச்சு விஷயத்துக்கு வந்தா. என் கூடப்பிறந்த செல்வின் அண்ணன் பாஸ்டர் முன்னால வச்சே சொன்னானாம், "அம்மாவுக்கு மூச்சுக்கு டியூப் போடவா வேண்டாமான்னு டாக்டர் கேட்டாரு. பிரீடாதான் வேண்டாம்னுட்டா. அவதானே நர்ஸு, நான் என்ன செய்ய முடியும்."

"அவன் துக்கத்துல சொல்லுதான் மக்கா, நீ மனசுல வச்சுக்காதே கேட்டியா"ன்னா சித்தி.

சரி சித்தின்னேன். செல்வின் அண்ணன் போன் பண்ணுதது அம்மா அடக்கம் முடிஞ்ச நாளோட நின்னு போச்சு. யூனிஃபார்ம் இஸ்திரி போட்டேன்.

நவம்பர் 20, புதன்

வீட்ல எனக்கு ராஜ மரியாதை. என் ரூமு ஹீட்டர் ஆறு மணிக்கு நின்னுபோகும்னு ஜூன்ல இருந்து ஒரு சட்டம் இருந்துச்சு. இந்த வாரம் அண்ணனே மேல வந்து திருகிக் கூட்டி வச்சிட்டுப் போறாரு. "குளிர் கூடீட்டுது பிள்ளை." கீழ போனா அக்கா ஆடிக்கூழுங்காங்க, நவம்பர்ல. ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம செய்யுதாங்களாம். அபிராவுக்குக் கூடத் தெரியும்.

இதுக்கு நடுவுல அக்காவுக்கு இன்னொரு குழப்பம். நீலத்தைத் தடுக்கணும்னா சிவப்புக்கா, மஞ்சளுக்கா? மஞ்சள் கட்சி பிரெக்ஸிட்டே வேண்டாம்னு நேராச் சொல்லுது. சிவப்பு இன்னொரு தடவை ஜனங்ககிட்ட கேப்போம்னு இழுக்குது. "எனக்கு மஞ்சள்தான் பிடிச்சிருக்கு"ன்னாங்க அக்கா. அபிரா ஏதோ வெப்சைட்டைப் பார்த்து, "இந்தத் தொகுதியில மஞ்சள் மூண்டாவது அம்மா. அதுக்குப் போட்டா நீலம்தான் வெல்லும். லேபருக்குப் போடச் சொல்லுங்கோ"ன்னா.

"பிடிச்சதுக்குப் போடேலாதோ?"

"பிடிச்சதுக்குப் போட்டா பிடிக்காதது வந்திடும்."

"என்ன கோதாரி எலெக்‌ஷன் இது!"ன்னு அக்கா அகப்பையைப் போட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்திருக்கணும். வரல.

நவம்பர் 23, சனி

காலையில கதவு தட்டுச்சு. நீல ரிப்பன் குத்தின ஒரு வெள்ளைக்காரரு, நல்ல உயரம், மழைக் கோட்டு. அண்ணன் விட்டாரே பார்க்கணும்! மனுஷனை உள்ள கூட்டி வந்து உட்கார வச்சு, தேத்தண்ணி குடுத்து, எல்லை, சட்டம், ஒழுங்குன்னு அரை மணி நேரம் அவருக்கே பிரசங்கம். அவரு தலையாட்டி ஆட்டிச் சந்தோஷமாகி, பேப்பர் எடுத்து, "அப்போ உங்க வோட்டை நம்பலாம்ல சார்?"னு கேட்டாரு.

அண்ணன் முகம் இறங்கிப் போச்சு. "எனக்கு வோட் இல்லை."

"வீட்ல யாருக்கு இருக்கு?"

அண்ணன் விரலை நீட்டினாரு. நான் மாடிப்படியில தலைக்கு எண்ணெய் தேய்ச்சுகிட்டு நைட்டியோட நிக்கேன். அந்த மனுஷன் அப்படியே எழுந்து என் பக்கம் திரும்பி நர்ஸுங்க, ஆஸ்பத்திரின்னு ஆரம்பிச்சிட்டாரு. அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில வச்சுகிட்டு அங்கயே நின்னாரு. அவரைப் பார்க்க எனக்குப் பாவமா இருந்துச்சு. கொஞ்ச நாளா எனக்கு எதைப் பார்த்தும் ஒண்ணும் தோணாம இருந்ததால, அதைக் குறிச்சு வைக்கேன்.

நவம்பர் 27, புதன்

எங்க போய் வோட்டுப் போடணும்னு என் பேருக்குப் போலிங் கார்டு வந்துச்சு. அக்கா அதை ஃபிரிட்ஜு மேல காந்தம் வச்சு ஒட்டிட்டாங்க. பால் எடுக்கப் போறவங்க எல்லாரும் அதைப் பார்த்துகிட்டுத்தான் எடுக்கணும்.

நவம்பர் 30, சனி

நம்ம நாட்டு நர்ஸுங்க வாட்ஸாப் குரூப்புல ஒரே சண்டை. ஐரோப்பாக்காரி போனா நமக்குத்தானே விசா ஈஸியா வரும், நீலத்துக்குக் குத்துங்கடீன்னு ஒருத்தி. நீலம் வந்தா நாம விசாவோட கட்டுத ஆஸ்பத்திரி வரியைக் கூட்டுவாங்க, அறிவு இருக்கான்னு இன்னொருத்தி. நாலு பேரு குரூப்பை விட்டே போயிட்டாங்க. நீ யாருக்குன்னு என்னைய டேக் பண்ணிக் கேட்டாங்க. கட்டைவிரல் படம் ஒண்ணு போட்டுட்டுப் படுத்தேன். கேள்விக்கு அது பதிலே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

டிசம்பர் 4, புதன்

இன்னைக்கு வெடிச்சிடுச்சு.

நான் தோசை சாப்பிட்டுகிட்டு இருந்தேன். அண்ணன் உள்ள வந்து, அடுப்புல கூழுப் பானையைப் பார்த்து, "ஓ, வோட்டுக்குக் கூழோ?"ன்னாரு. அக்கா திரும்பாமலே, "நீங்கள் ஹீட்டர் குடுக்கலாம், நான் கூழ் குடுக்கேலாதோ?"ன்னாங்க. அவ்வளவுதான்.

"அவனுக்காகத்தானே இவ்வளவும்?"

"ஓம், அவனுக்காகத்தான். என்ர பிள்ளைக்காகத்தான். நீங்கள் வரவேண்டாம் எண்டு சொன்னியள், மூண்டு வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்தன். இனி என்ன, நாடும் வரவேண்டாம் எண்டு சொல்லவேணுமோ? அப்பதான் உங்களுக்குத் திருப்தியோ?"

"கவண்மெந்து சொன்னா நான் என்ன செய்யிறது?"

"அதுதானே உங்களுக்கு வேணும்! கவண்மெந்து சொன்னது, நான் சொல்லேல்லை எண்டு சொல்லிக்கொண்டு திரியலாம்!"

அண்ணன் கோட்டைக் கூடப் போடாம வெளிய போயிட்டாரு. அக்கா எனக்கு இன்னொரு தோசை வச்சாங்க. அது பாதி தட்டுக்கு வெளிய விழுந்துச்சு. "நீங்கள் சாப்பிடுங்கோ பிள்ளை, இது எங்கட வீட்டுச் சண்டை"ன்னாங்க. சாப்பிட்டேன். "நான் சொல்லேல்லை"ங்கிறது மட்டும் காதுல நின்னுகிட்டே இருந்துச்சு.

டிசம்பர் 8, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகல. டூட்டி கேட்டு வாங்கினேன்.

டிசம்பர் 12, வியாழன்

விடிஞ்சதுல இருந்து விடாத மழை. லீவு நாளு. பக்கத்துப் பள்ளிக்கூடத்துலதான் வோட்டு, பத்து நிமிஷம் நடந்தாப் போதும். ஆனா அண்ணன் சாவியை எடுத்துகிட்டு நிக்காரு. அக்கா வாசல் வரைக்கும் வந்து என் ஸ்கார்ஃபைச் சரி பண்ணி விட்டாங்க, கல்யாணத்துக்கு அனுப்புத மாதிரி. இனிமே சொல்ல என்ன இருக்கு, எல்லாம் சொல்லியாச்சு.

பள்ளிக்கூட வாசல்ல காரை நிறுத்தினாரு. வைப்பர் ஓடிகிட்டே இருந்துச்சு. நான் கதவுல கை வச்சதும், "ஒரு நிமிசம் பிள்ளை"ன்னாரு.

"நான் ஒண்டு சொல்லட்டே? நீலத்துக்குப் போட வேண்டாம். வதனி சொன்னதுக்கே போடுங்கோ."

நான் சரியாக் கேக்கலையோன்னு திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கீட்டுது. நாலு அடி வைச்சுப்போட்டு விழுந்து சிரிக்குது. வதனியின்ர போனுக்கு வாற வீடியோ எல்லாம் நானும் பாக்கிறனான். அவ குளிக்கப் போற நேரம் எடுத்துப் பாக்கிறனான். அவவுக்குத் தெரியாது." ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்ல. "கதவு திறந்து கிடக்கட்டும். ஆனா நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. நீங்களாப் போட்டது எண்டே இருக்கட்டும். பேந்து ஒரு நாளைக்கு அவன் வந்தா, சட்டம் விட்டது, வந்தான், நான் கூப்பிடேல்லை எண்டு இருக்கட்டும்."

எனக்கு எங்க இருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்துச்சோ! காது ரெண்டும் சூடாயிட்டு.

"அண்ணே, இப்படித்தான் எங்க வீட்லயும் பண்ணினாங்க. அம்மாவுக்கு டியூப் போடவான்னு எங்க அண்ணன் எங்கிட்ட கேட்டான். அவன் அங்க பக்கத்துல நிக்கான், நான் இங்க அஞ்சாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம். நீதான நர்ஸு, நீயே சொல்லுன்னான். நான் வேண்டாம்னேன். சொல்ல வேண்டியதை என் வாயால சொல்ல வச்சிட்டு, இன்னைக்கு ஊரு முன்னால அவதான் சொன்னான்னு சொல்லிட்டுத் திரியுதான். இப்போ உங்களுக்கும் நான்தான் வாயா? உங்க மகனை நீங்க கூப்பிடமாட்டீங்க, அதுக்கு இங்கிலாந்துல எலெக்‌ஷன் வரணும், தக்கலையில இருந்து நான் வரணும்!"

கத்திட்டேன்னுதான் நினைக்கேன். நடைபாதையில குடையோட போன ஒரு அம்மா குனிஞ்சு காருக்குள்ள பார்த்துட்டுப் போச்சு.

"வோட்டு நான் போடுதேன். உங்க பிள்ளைகிட்ட நீங்க பேசணும். என்னைய வச்சுப் பேசாதீங்க."

அண்ணன் வைப்பரையே பார்த்துகிட்டு இருந்தாரு. நான் இறங்கிப் போயிட்டேன்.

உள்ள சின்னப் பிள்ளைங்க வரைஞ்ச படமெல்லாம் சுவத்துல. பேரு கேட்டாங்க, அடையாள அட்டை கூடக் கேக்கல. பென்சிலை நூலுல கட்டிப் போட்டிருக்கு. நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் இருந்துச்சு. கெயில் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. குரூப்புல விசா ஈஸியா வரும்னு அந்தப் பொண்ணு சொன்னதும் பொய்யில்ல. நான் சிவப்புக்கு நேரா கட்டத்துல போட்டேன். பயந்தும் போடல, கூழுக்கும் போடல. இந்த வீட்ல தனக்கு என்ன வேணும்னு என் முகத்தைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டது வதனி அக்கா ஒருத்திதான். அதுக்காகப் போட்டேன்.

வெளிய வந்தப்ப கார் அங்கயேதான் நின்னுச்சு. ஏறிகிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

நீலம் ஜெயிச்சிட்டுது. நாடு முழுக்க, இந்தத் தொகுதியிலயும். ஆயிரக்கணக்குல வித்தியாசம். என் வோட்டு எந்த மூலைக்கு!

காலையில கீழ போனப்ப அக்கா குசினி நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. டிவியில பேசிகிட்டே இருந்தாங்க, அக்கா அதைப் பார்க்கவும் இல்ல, நிறுத்தவும் இல்ல. அபிரா பள்ளிக்கூடப் பையோட பக்கத்துல நின்னா. "இன்னும் ஒரு வருசம் இருக்கு அம்மா"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னா. "ஒரு வருசத்தில என்ன நடக்கும்"னாங்க அக்கா. அழக் கூட இல்ல. நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தேன்.

அண்ணன் வேலை முடிஞ்சு வந்தாரு. அவர் சொல்லித் திரிஞ்சது ஜெயிச்சிட்டுது, கார்ல எங்கிட்ட கேட்டது தோத்துப் போச்சு, அது எனக்கு மட்டும்தான் தெரியும். பூட்ஸைக் கழட்டாம நேரா குசினிக்கு வந்தாரு. அந்த வீட்ல பூட்ஸோட உள்ள வந்தா அக்கா விடமாட்டாங்க. இன்னைக்கு நிமிர்ந்து கூடப் பார்க்கல.

"போனைத் தாரும்."

"ஏன்?"

"தாருமன்."

அவரே நம்பரைத் தேடி அழுத்தினாரு. அந்தப் பக்கம் எடுத்ததும் டச்சுல ஏதோ ரெண்டு வார்த்தை சொன்னாரு. அக்கா எழுந்து வந்து ஸ்பீக்கரைத் தட்டினாங்க.

"அப்பா?" ஒரு இளம் ஆம்பளைக் குரல். "என்னப்பா? அம்மாவுக்கு ஏதும்…?"

"அம்மா சுகம். நிரோஜன், நீ… நீங்கள் மூண்டு பேரும் இஞ்ச வாங்கோ. கதவு பூட்டுறதுக்கு முதல் வந்திடுங்கோ. மேல் அறையைப் பெயின்ட் அடிச்சுத் தாறன். நான்தான் சொல்லுறன். நான்தான் கூப்பிடுறன்."

அக்கா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திகிட்டாங்க. மேல் அறைன்னா என் ரூமுதான், அது அப்போ என் மண்டையில ஏறவே இல்ல.

நிரோஜன் கேட்டான், "அப்பா, நாங்கள் அங்க வாறம் எண்டு ஆர் சொன்னது?"

"அம்மா…"

"அம்மா ஒருநாளும் கேக்கேல்லையே. நீங்களும் கேக்கேல்லை." கோபமாச் சொல்லல, நிதானமாத்தான் சொன்னான். "ஈவாவுக்கு இஞ்ச வேலை. எனக்கும் இஞ்சதான். லேனாவைப் பிள்ளைகள் காப்பகத்தில விட்டிருக்கிறம். எங்களுக்கு அங்க வந்து இருக்க விருப்பமில்லை அப்பா. இது எங்கட ஊர்."

எங்க நாலு பேரு முகத்தையும் அப்போ யாராவது பார்த்திருக்கணும். அஞ்சு வாரம். கூழு, ஹீட்டர், சிவப்பு, மஞ்சள், சண்டை. வாசல் தெறக்குமா பூட்டுமான்னு மாத்தி மாத்தி அடிச்சுகிட்டோமே, வாறியாடான்னு அவங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. எனக்கும் தோணல.

அண்ணன் நாற்காலியைப் பிடிச்சுகிட்டு மெதுவா உட்கார்ந்தாரு. போனை வச்சிடுவாருன்னு நினைச்சேன்.

"நீங்கள் வாங்கோவன்"னான் நிரோஜன். "உங்களுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட்தானே. நாளைக்கெண்டாலும் வரலாம். ஒருத்தரும் தடுக்கமாட்டினம்."

அண்ணன் போனை வாய்கிட்டக் கொண்டுபோனாரு. "ஈவா… ஈவா என்னை உள்ள விடுவாவோ?"

பக்கத்துல ஒரு பொம்பளைக் குரல் டச்சுல ஏதோ கேட்டுச்சு, நிரோஜன் பதில் சொன்னான், அவ இன்னும் ஏதோ சொன்னா. அண்ணன் தலையைக் குனிஞ்சுகிட்டாரு, தோள் ரெண்டும் குலுங்கிச்சு. ஈவா என்ன சொல்லுதான்னு நான் அபிரா காதுல கேட்டேன்.

"கிறிஸ்மஸுக்கு அவையின்ர போலந்து வழக்கத்துக்கு மீன்தானாம் சமைக்கிறது. அப்பா மீன் சாப்பிடுவாரோ எண்டு கேக்கிறா."

"சாப்பிடுவார்!"னு அக்கா போனைப் பார்த்துக் கத்தினாங்க. "எல்லாம் சாப்பிடுவார்! நான் கூட்டிக்கொண்டு வாறன்!"

டிசம்பர் 15, ஞாயிறு

மத்தியானம் செல்வின் அண்ணனுக்கு நானே போன் பண்ணினேன். ரெண்டு தடவை எடுக்கல. மூணாவது தடவை எடுத்தான்.

"என்ன பிள்ளே?" குரல்ல பயம்.

"சண்டைக்கு வரல. ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு அம்மாவுக்கு நினைவு இருந்துச்சா?"

"…இருந்துச்சு."

"அவகிட்ட யாராவது கேட்டீங்களா, டியூப் வேணுமான்னு?"

லைன் கட்டாயிட்டோன்னு போனைப் பார்த்தேன், ஓடிகிட்டுத்தான் இருந்துச்சு.

"நாங்க கேக்கல. அவளாத்தான் சொன்னா. எனக்க கையைப் பிடிச்சுகிட்டு, குழாய் ஒண்ணும் வேண்டாம்லே, என்னைய வீட்டுக்குக் கொண்டுபோன்னா. ரெண்டு தடவை சொன்னா. அதுக்குப் பொறவுதான் உனக்குப் போன் போட்டேன்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கொண்டுபோனா செத்துருவான்னு தெரியும்லா. நான் கொண்டுபோய்க் கொன்னேன்னு ஆயிரும்லா பிள்ளே." அழ ஆரம்பிச்சிட்டான். நாற்பத்தஞ்சு வயசு ஆம்பளை, சின்னப் பையன் மாதிரி. "நீ சொன்னா, படிச்சவ சொன்னதுன்னு இருக்கும்னு நினைச்சேன்."

திட்டினேன். தக்கலைச் சந்தையில கூட அப்படி ஒரு பாஷை கேட்டிருக்கமாட்டான். அவன் எல்லாத்தையும் வாங்கிகிட்டான். அப்புறம் எனக்கும் அழுகை வந்துட்டு. ஆகஸ்டுல வரவேண்டியது, அடக்கத்தை வீடியோவுல பார்த்தப்ப வராதது, ஒண்ணாச் சேர்ந்து வந்துச்சு. கீழ இருந்து அக்கா என்னவோ ஏதோன்னு ஓடி வந்து, என்ன ஏதுன்னு ஒண்ணும் கேக்காம, கட்டில்ல பக்கத்துல உட்கார்ந்து முதுகைத் தடவிக் குடுத்துகிட்டே இருந்தாங்க.

அம்மாதான் வேண்டாம்னு சொல்லியிருக்கா. அம்மா கேட்டதைத்தான் நானும் சொல்லியிருக்கேன்.